வாய்க்கு நோன்பு

அந்த வருடம் தவக்காலமும் றமழானும் ஒரே கிழமையில் தொடங்கின. பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் வேதக்காரர், பாதிப் பேர் முஸ்லிம்கள். சிலர் நெற்றியில் சாம்பலோடும் சிலர் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பிய தூக்கத்தோடும் உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் அஜித்தா டீச்சருக்கு அந்த யோசனை வந்தது.

அவள் விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவள். முதல் நியமனம். அவளுடைய குரல் கடைசி வரிசைப் பின் வாங்கு வரைக்கும் போகாது. ஆனால் பின் வாங்கிலிருந்து வரும் கெட்ட வார்த்தை, தூசணம், கரும்பலகை வரைக்கும் வந்துவிடும். பேனை விழுந்தால் தூசணம். புள்ளி கூடினாலும் தூசணம், குறைந்தாலும் தூசணம். அப்போதெல்லாம் காது சூடேறக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி.

"நீங்கள் இறைச்சியை விடுறீங்க. பகல்ல தண்ணியையும் விடுறீங்க. இந்த முறை எல்லாரும் சேர்ந்து தூசணத்தையும் விடுவமா?" என்று அன்று கேட்டாள்.

"கால்ல ஆணி குத்தினா மிஸ்?" என்றான் அஸ்மி, பின்னாலிருந்து.

"குத்தினாலும்."

"யாரும் முதல்ல ஏசினா?"

"ஏசினாலும்தான். எந்தக் காரணத்துக்கும் இல்ல."

"அப்ப நீங்களும் பிடிக்கிறீங்களா மிஸ்?"

வகுப்பு சிரித்தது. விடுவதற்கு டீச்சரிடம் ஒரு தூசணமாவது இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. "ஓம், நானும்தான்" என்றாள் அஜித்தா.

மெரினா கை உயர்த்தினாள். "வேண்டுதல் வைச்சுப் பிடிக்கலாமா மிஸ்? அப்பா கடல்ல, சுகமா வரவேணும்."

அவளுடைய தகப்பன் சிலாபத்திலிருந்து பலநாள் படகில் போயிருந்தான். தவக்காலம் முடிந்து பாஸ்குவுக்குத்தான் கரைக்கு வருவான். மெரினாவின் வாயைக் கரை முழுக்க அறியும். மீன்வாடியில் தாய்க்குத் துணையாக நிற்கும்போது, தராசுக்காரர்கள் அவள் முன்னால் நிறையைச் சரியாகச் சொல்வார்கள். அவள் வருகிற பாதையில் பதினோராம் வகுப்புப் பெடியன்கள் ஒதுங்கி நிற்பார்கள். அப்படிப்பட்ட மெரினா வாயை அடக்கினால் வகுப்பே அடங்கிவிடும் என்று அஜித்தா கணக்குப் போட்டாள்.

அடங்கத்தான் செய்தது. பந்து காலில் பட்டால் அஸ்மி, "அடே கத்தரிக்காய்!" என்று கத்தினான். ஒரு கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கக் கத்தரிக்காய் ஆகிவிட்டது. அதிபர் கில்பட் காலைக் கூட்டத்தில் அஜித்தாவின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன்காரன் கிளைட்டன் கேற்றடியில் நிறுத்திச் சொன்னான்: "நல்ல வேலை மிஸ். வேனுக்குள்ள இப்ப கோயில் மாதிரி இருக்குது. மெரினா கூட வாய் திறக்கிறதில்ல."

கிளைட்டன் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் முன்னால் சிலுவை தூக்கிப் போகிறவன். அவன் சொன்னது அன்று முழுக்க அஜித்தாவுக்குச் சந்தோசமாக இருந்தது.

அடுத்த கிழமை மெரினாவின் இடம் வெறுமையாக இருந்தது. முதலில் காய்ச்சல் என்று நினைத்தாள். பிறகு இடைவேளையில் றுஷ்னாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். மெரினாவோடு ஒரே வேனில் வருகிறவள் அவள்.

"காய்ச்சல் இல்ல மிஸ். வேன்ல வரப் பயம்."

"ஏன்?"

"கிளைட்டன் அண்ணா அவவ முன் சீட்லதான் ஏத்துவார். ஏத்தி வெச்சி ஒவ்வொண்டு சொல்வார். முந்தியும் அப்பிடித்தான். ஆனா முந்தி மெரினா திருப்பி ஒண்டு குடுப்பா. அவர் பேசாம ரோட்டப் பாத்து ஓட்டுவார். இப்ப அவ ஒண்டும் சொல்றல்ல. அது அவருக்கு விளங்கிட்டு."

"என்ன சொல்வார்?"

றுஷ்னா தலை முக்காட்டை இழுத்து விட்டாள். "நோன்போட அதச் சொல்லேலா மிஸ். மஃரிபுக்கு நோன்பு துறந்த பொறகு வேணுமெண்டா ஃபோன்ல கோல் எடுங்க."

அவள் பகிடி விடவில்லை.

எந்தக் காரணத்துக்கும் இல்லை என்று சொன்னவள் அஜித்தாதான். அன்றே மெரினாவின் தாய் இசபெல்லுக்குக் கோல் எடுத்தாள். மறுநாள் தாயும் மகளும் பஸ்ஸில் வந்தார்கள். மெரினாவை மட்டும் அஜித்தா விஞ்ஞான அறைக்குள் கூட்டிப் போனாள்.

"என்ன சொன்னவன் எண்டு நீ சொல்லாட்டி அதிபர் நம்பமாட்டார் மெரினா."

"பாஸ்குவுக்குப் பொறகு சொல்றன் மிஸ். அப்பா வந்திடட்டும்."

"அது மட்டும் பள்ளிக்கூடம் எப்பிடி வருவாய்?"

மெரினா மேசையில் கிடந்த சோக்கை எடுத்து உருட்டினாள். "எழுதினா நோன்பு முறியுமா மிஸ்?"

அஜித்தாவுக்குத் தெரியாது. அந்த நேரம் கேட்பதற்கும் யாரும் இல்லை. "முறியாது" என்றாள்.

கறுப்பு மேசையின் ஓரத்தில் மெரினா சின்ன எழுத்தில் எழுதினாள். பாதி தமிழ், பாதி தமிழெழுத்தில் சிங்களம். அஜித்தா ஒருமுறைதான் வாசித்தாள். இரண்டாம் முறை வாசிக்கத் தேவை வரவில்லை. மெரினா உள்ளங்கையால் எல்லாவற்றையும் தேய்த்து அழித்தாள்.

அதிபரின் அறைக்குக் கிளைட்டனையும் கூப்பிட்டிருந்தார்கள். கையில் வேன் திறப்புக் கொத்தோடு சுவரோரம் நின்றான்.

"கெட்ட கதை எண்டா எது டீச்சர்?" என்றார் அதிபர். "நீங்கள் ஒவ்வொரு சொல்லுக்கும் தடை போட்டதில பிள்ளைகள் இப்ப பகிடிக்கும் கூசுறாங்க. சொல்லு மகள், என்ன சொன்னவன்?"

மெரினா நிலத்தைப் பார்த்தாள். கை ரேகைகளில் சோக்கு இன்னும் வெள்ளையாக இருந்தது.

"வடிவா இருக்கிறாய் எண்டு சொன்னன் சேர்" என்றான் கிளைட்டன். "தங்கச்சி மாதிரித்தான். வேற ஏதும் சொல்லியிருந்தா அவளே சொல்லட்டும். மெரினாட வாய் இந்த ஊருக்குத் தெரியாதா? இந்நேரம் என்னைக் கிழிச்சிருப்பாள்."

அதிபர் தலையாட்டினார். அந்த நியாயம் அவருக்கு விளங்கியது.

மகளுக்குப் பக்கத்தில் இருந்த இசபெல் எழும்பினாள். "விடுங்க சேர். இவள் படிச்சது காணும். நாளையிலருந்து என்னோட கருவாடு காயப்போட வரட்டும்."

வேண்டாம் என்று அதிபர் சொல்லவில்லை. மேசையில் கிடந்த கடதாசிகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். கிளைட்டன் திறப்பை விரலில் சுழற்றினான்.

"நான் சொல்றன் சேர்" என்றாள் அஜித்தா.

சொன்னாள். முதல் சொல் நடுங்கியது. பிறகு நடுங்கவில்லை. பரிசோதனையில் கண்ட அளவை வாசிப்பதுபோல, கூட்டாமல் குறைக்காமல், தமிழையும் சிங்களத்தையும் கடைசி வரைக்கும் சொன்னாள். பின் வாங்குக்குப் போகாத அந்தக் குரல் அரைச்சுவரைத் தாண்டி வெளியே போனது. மைதானத்தில் பந்துச் சத்தம் நின்றது.

"டீச்சர்!" என்று அதிபர் பாதி எழும்பினார்.

கிளைட்டன் மெரினாவைத்தான் பார்த்தான். "இதையெல்லாம் நீ போய்ச் சொன்னனியா?" என்றான். சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கு உறைத்தது. திறப்பு விரலில் அசையாமல் தொங்கியது.

அதிபர் மெதுவாக மறுபடி உட்கார்ந்தார். பிறகு, "வேனை வெளியில எடு" என்றார். "இனி இந்தக் கேற்றுக்குள்ள வரப்படாது."

அவன் போன பிறகு அஜித்தாவைப் பாராமலே சொன்னார்: "பொலிசுக்கும் போக வேண்டி வரும். அங்கேயும் இதைத் திருப்பிச் சொல்ல வேணும் டீச்சர். ஆம்பிளையள்தான் இருப்பாங்கள்."

"சொல்றன் சேர்."

இசபெல் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கதவைத் தாண்டும்போது, யாருக்கென்று இல்லாமல், "காலம்பற பஸ்ஸில நானே ஏத்தி விடுறன்" என்றாள்.

வகுப்புக்குப் போகும் வழியில் மெரினா அஜித்தாவின் கையை எட்டிப் பிடித்தாள். "மிஸ், நீங்க யாருக்காக நோன்பு பிடிச்சனீங்க?"

"யாருக்காகவும் இல்ல."

"அப்ப பரவாயில்ல" என்றாள் மெரினா. நாலைந்து அடி நடந்த பிறகு, "எழுதினது முறியாதுதானே மிஸ்?" என்றாள்.

"முறியாது."

இரண்டாம் தடவையாகச் சொல்லியும் அஜித்தாவுக்கு அது தெரியாது.

வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. எல்லாரும் கேட்டிருக்கிறார்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. அஸ்மி டீச்சரைப் பார்த்தான், பிறகு தன் புத்தகத்தைப் பார்த்தான். கத்தரிக்காய் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அஜித்தா சோக்கை எடுத்தாள், ஆனால் கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. வெளியே காற்று எழும்பி, மணலை யன்னலில் கொண்டுவந்து கொட்டியது. மெரினா தலையைத் திருப்பிக் கடல் பக்கம் பார்த்தாள். அஜித்தாவும் பார்த்தாள்.