தகட்டில் வெட்டிய நாய்

அந்தக் கடற்கரையூரில் பெண் கேட்கப் போகுமுன் மாப்பிள்ளை தன் முகத்தைச் செப்புத்தகட்டில் வெட்டி அச்சடித்துக்கொள்ள வேண்டும். கழுத்தைச் சுற்றி மடிப்புக் காலர், பக்கத்தில் ஓர் அடையாளம். மண்டையோடு என்றால் சாவை மறவாதவன். நாய் என்றால் விசுவாசி. காகிதத்தில் வலப்பக்கம் விழுந்த அடையாளம் மறுநாள் விடியலில் அவன் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். இடப்பக்கம் விழுந்தது இடப்பக்கத்து வீட்டுக்குப் போகும்.

இஞ்ஞாசி தன் அடையாளமாக நாயைத்தான் கேட்டான். தெக்லாவின் அப்பா தஸ்நேவிஸ் நாய் இல்லாத வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார். ஆனால் தகடு வெட்டும் மரியபுஷ்பம், தகட்டில் வெட்டுவது காகிதத்தில் பக்கம் மாறி விழும் என்பதைப் பேச்சு சுவாரஸ்யத்தில் மறந்துபோனாள். விடிந்தபோது நாய் இடப்பக்கத்துச் சூசையின் வாசலில் கிடந்தது. சூசை, பார்க்கிற பெண்களிடமெல்லாம் கண்ணடிக்கிறவன்.

"வே, என் விசுவாசத்தைப் பார்த்தீரா?" என்றான் வேலிக்கு மேலாக.

"அது எனக்கு வெட்டின நாய்லே."

"அப்ப ஏன் என் காலை நக்குது?"

மறுநாள் காலை தஸ்நேவிஸ் வருகிறார். நாய் அங்கேயே கிடந்தால் தெக்லா சூசைக்குத்தான். இஞ்ஞாசி மரியபுஷ்பத்திடம் ஓடினான்.

"வெட்டுனது வெட்டுனதுதான் தம்பி. முகத்துக்கு மறுபக்கம் காலியாத்தானே இருக்கு? இருட்டுறதுக்குள்ள முடியணும்னா மண்டையோடுதான் தோதுப்படும். நாய்க்கு மாதிரி முடி முடியா வெட்ட வேண்டாம் பாருங்க."

விடியலில் மண்டையோடு இஞ்ஞாசி வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தது.

"நீயும் ஒருநாள் போவாய்" என்றது.

"காப்பி குடிச்சிட்டுப் போறேன்" என்றான் இஞ்ஞாசி.

அடுத்த வீட்டு நாய் மூக்கைத் தூக்கியது. எலும்பு வாசனை. வேலியைத் தாண்டி வந்து, மண்டையோட்டை முன்னங்கால்களுக்கிடையில் இடுக்கிக்கொண்டு தாடையைக் கடிக்கத் தொடங்கியது. சூசை விசிலடித்துப் பார்த்தான், கருவாட்டைக் காட்டிப் பார்த்தான். அது திரும்பவேயில்லை.

தஸ்நேவிஸ் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"சாகிறமட்டும் விசுவாசம். வேறென்ன வேணும்?"

"செத்த பிறகும்" என்று நாயின் வாய்க்குள்ளிருந்து மண்டையோடு திருத்தியது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் தெக்லாவும் தகடு வெட்டிக்கொண்டாள். தனக்கு அடையாளமாக இஞ்ஞாசியைக் கேட்டாள். எதற்கு அடையாளம் என்று மரியபுஷ்பம் கேட்கவில்லை. அன்றைக்கும் அவள் பேச்சு சுவாரஸ்யத்தில்தான் இருந்தாள்.

விடிந்தபோது இஞ்ஞாசி, தெக்லாவின் இடப்பக்கத்து வீட்டு வாசலில் நின்றிருந்தான். அந்த வீட்டம்மா காப்பி கொடுத்தார். தெக்லா வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறந்துவைத்து, சீலா மீன் பொரிக்கத் தொடங்கினாள்.