புதன்கிழமைக் கூட்டம்

எங்கள் டன்பார் ஊரில் புதன்கிழமை மாலை எந்தப் பொதுக்கூட்டமும் நடக்காது. பள்ளியில் பந்து விளையாட்டு வைக்கமாட்டார்கள். முடிதிருத்தும் கடைகூட ஐந்து மணிக்கே மூடிவிடும். அது கிறிஸ்தவ சபைகளின் நேரம். முதலில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு, பிறகு ஜெபம். இருபத்தொரு வருடமாக நகராட்சி எழுத்தராக இருக்கும் எனக்கு, புதன்கிழமை என்று ஒரு வேலைநாள் மாலை இருப்பதே மறந்துபோயிருந்தது. தவறு அங்கேதான் நேர்ந்தது.

பேரிடர் ஆயத்தத்துக்காக வாஷிங்டனிலிருந்து மத்திய அரசு எங்களுக்கு நிதி ஒதுக்கியிருந்தது. பைன் ஹாலோ குடியிருப்புக்கு ஒரு அபாயச் சங்கு, ஒரு புயல் காப்பறை, தண்ணீர் நிலையத்துக்கு வேலியும் கேமராவும். நகரமன்றம் கூடி, ஏற்றுக்கொள்கிறோம் என்று தீர்மானம் போட்டு, பதினான்காம் தேதி மாலை ஏழு மணிக்குள் அனுப்பவேண்டும். அது என்ன கிழமை என்று நான் பார்க்கவில்லை. வழக்கமான வியாழன் கூட்டத்தில் சேர்த்துவிட்டேன்.

செவ்வாய் மதியம் பேரிடர் அதிகாரி ரெனெட்டா காகின்ஸ் வந்து நிதிக் கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

"வெல்டாக்கா, பதினாலாம் தேதிங்கறது நாளைக்கு."

"நாளைக்கு புதன்கிழமைடி."

"அதத்தான் சொல்றேன்."

போன ஏப்ரலில் சூறாவளி வந்தபோது, ஊரின் ஒரே சங்கு ரயில் பாதைக்கு அப்பால் கேட்கவில்லை. அங்கே பைன் ஹாலோவில், சக்கரத்தின் மேல் நிற்கும் ஐம்பத்துமூன்று டிரெய்லர் வீடுகள். ரெனெட்டா தன் வண்டியின் ஹாரனை அழுத்திக்கொண்டே போய், வீடு வீடாகக் கதவைத் தட்டினாள். ஐம்பத்திரண்டு கதவுகள் திறந்தன. கடைசி வீட்டை அடைவதற்குள் காற்று முந்திக்கொண்டது. அந்த வீட்டு வயலா பீஸ்லி இடுப்பு முறிந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அவசரக் கூட்டத்துக்கு மேயரிடம் கையெழுத்து வாங்கி, அறிவிப்பை நகராட்சிக் கதவில் நான் ஒட்டியபோது மாலை ஆறு. ஒட்டி இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் கூடலாம் என்பது சட்டம். ஆக, புதன் ஆறு மணி. கெடுவுக்கு ஒரு மணி நேரம்.

மன்றத்தில் மேயரோடு சேர்த்து ஐந்து பேர். மூவராவது நேரில் உட்கார்ந்தால்தான் கூட்டம் செல்லும். ஒருவர் பர்மிங்ஹாம் ஆஸ்பத்திரியில் மனைவியின் கட்டிலருகே இருந்தார். இன்னொருவர் வளைகுடாவில் மீன் பிடிக்கப் போயிருந்தார். நிதி வேண்டும் என்ற மேயரும் எர்லீன் டோல்பர்ட்டும் வந்துவிட்டார்கள். மீதி ஹோயட் பிக்கென்ஸ்.

அவர் இந்த நிதிக்குப் பகிரங்க எதிரி. "வாஷிங்டன் காசு சும்மா வராது வெல்டா. இன்னிக்கி கேமரா குடுப்பான், நாளைக்கி அது எந்தப் பக்கம் பாக்கணும்னும் அவனே சொல்லுவான்" என்று போன வாரம்தான் என்னிடம் கத்தியிருந்தார்.

ஆறு பத்துக்கும் அவர் வரவில்லை. ரெனெட்டா எழுந்து பாப்டிஸ்ட் சபைக்கு நடந்தாள். பிழை என்னுடையது, நானும் கூடப் போனேன்.

சபைக் கூடத்தில் பொரித்த கோழியின் வாசனை. ஹோயட் நடு மேசையில் இருந்தார், எதிரே ஒரு துண்டு கேக். பக்கத்தில் அவருடைய சபைத் தோழன் டப் சோரெல் எங்களைப் பார்த்ததும் சத்தமாகவே சொன்னான்:

"பிரதர் ஹோயட், நீங்க எதிர்த்து ஓட்டுகூடப் போட வேணாம். இந்தக் கேக்க மெதுவா மென்னு சாப்பிடுங்க. ஏழு மணிக்கு எல்லாம் தானா முடிஞ்சிரும்!"

மேசையே சிரித்தது.

ரெனெட்டா வழியெல்லாம் ஏதோ சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதில் ஒன்றையும் சொல்லவில்லை.

"ஐயா, ஓட்டுக் கேட்டு வரல. நீங்க வேணாம்னே சொல்லுங்க. வந்து உக்காந்து சொல்லுங்க, அது போதும்."

"நான் வந்தா நான் தோப்பேன். தெரியும்ல?"

"தெரியும் ஐயா."

"தெரிஞ்சே எங்கிட்ட கேக்குற. தைரியம்தான் உனக்கு."

"உங்ககிட்ட கேக்கலாம்னு தோணுச்சு."

அவர் முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"கேக்கு தின்னு ஜெயிச்சேன்னு வயலா பீஸ்லி மூஞ்சில எப்படி முழிப்பேன்?" என்று டப்பிடம் சொல்லிவிட்டு எழுந்தார். "தொப்பிய எடு."

தோற்பதற்காக ஒரு மனிதன் எழுந்து நடந்ததை அன்றுதான் பார்த்தேன். கர்த்தர் சில நேரம் தம் வேலையை நம்மோடு ஒத்துப்போகாதவர்களிடம்தான் கொடுத்துவைக்கிறார்.

போதகர் வேதத்தை மூடினார். "ஜெபத்த நகராட்சில வச்சுக்கலாம். தட்டோட வாங்க எல்லாரும்!"

சபை முழுவதும் தெருவில் இறங்கியது. எதிர்ச் சாரியில் மெதடிஸ்ட் சபையார் சன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.

"பாப்டிஸ்டு காரங்க சோத்த விட்டுட்டு எங்கப்பா போறாங்க?"

"விடல, கையில வச்சிருக்கோம்! வாங்க!"

அவர்களும் குளிர்ந்த தேநீர்க் கூஜாக்களோடு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஆறு முப்பத்தெட்டுக்கு நான் பெயர் கூப்பிட்டேன். மூன்று பேர் "இருக்கேன்" என்றார்கள். மேயர், "ஏற்கிறேன்." எர்லீன், "ஏற்கிறேன்." ஹோயட் எழுந்து நின்று, "வேண்டாம். அதக் குறிப்புல தெளிவா எழுது வெல்டா" என்றார். எழுதினேன். இரண்டுக்கு ஒன்று. தீர்மானம் நிறைவேறியது.

கையெழுத்து வாங்கி, கணினியில் ஏற்றி, பெற்றுக்கொண்டோம் என்ற பதில் வந்தபோது ஆறு ஐம்பத்திரண்டு. உரக்கப் படித்தேன். ரெனெட்டா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். முதலில் கைதட்டியவன் டப் சோரெல். அப்புறம் கூரையே அதிர்ந்தது.

மார்ச் மாதம் பைன் ஹாலோ நடுவில் சங்குக் கம்பம் நின்றது. முதல் சோதனை அன்று நண்பகலுக்கு ஐம்பத்துமூன்று வீட்டுக்காரர்களும் வாசற்படிக்கு வந்துவிட்டார்கள். ஹோயட்டும் வந்திருந்தார்.

"எனக்கு இன்னும் சம்மதமில்ல. சத்தம் எவ்வளவு தூரம் போகுதுன்னு பாக்க வந்தேன்."

ரெனெட்டா பொத்தானை அழுத்தினாள். அந்தச் சத்தம் எழுந்து, ரயில் பாதையையும் மரங்களையும் தாண்டிப் போனது. குழந்தைகள் கூவினார்கள். ஊன்றுகோலோடு நின்ற வயலா பீஸ்லி ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"போதும்டி ரெனெட்டா, நிறுத்து! செத்தவங்க எந்திரிச்சு வந்துரப் போறாங்க!"

ரெனெட்டா நிறுத்தவில்லை. முழுதாக மூன்று நிமிடம் ஊதவிட்டாள்.