நஜாத் தோண்டிய ஏழு குவியல்

ஆய்வுகூடத்திலிருந்து முடிவு வந்த அன்று எனக்குப் பொல்லாத கோபம். மேல்மண்ணில் எடுத்த மட்டிச் சிப்பிக்கு வயது ஆறாயிரம் வருடம் என்று போட்டிருந்தார்கள். ஏழு முழத்துக்குக் கீழே கிடந்த மட்டிக்கு மூவாயிரம்தானாம். இடையில் உள்ளவையும் அப்படியே தலைகீழ். புதிய மட்டிகளைப் பழையவற்றுக்கு அடியில் கொண்டுபோய் ஒளித்துவைக்கக் கடலுக்கு என்ன பைத்தியமா?

பழைய மட்டிகளைக் கொண்டு, கடல் முன்பு எந்த உயரத்தில் நின்றது என்று கண்டுபிடிப்பது என் வேலை. இரண்டு ஓடும் பிரியாமல் மூடியபடி ஒரு மட்டி மண்ணுக்குள் இருந்தால், அது அந்த இடத்திலேயே வாழ்ந்து செத்தது என்று அர்த்தம். அப்போது அங்கே தண்ணீர் நின்றிருக்கிறது. மட்டியின் வயதும் அது கிடந்த ஆழமும் தெரிந்தால் போதும், மற்றதை நான் சொல்லிவிடுவேன். மனிதர்களைப் பற்றி இப்படி எதையும் அடித்துச் சொல்ல எனக்கு வராது. அதனாலோ என்னவோ, நாற்பத்துநாலு வயதிலும் தில்லையடியில் தனியாகத்தான் இருக்கிறேன்.

இந்த மட்டிகள் கரைத்தீவில் ஷஃபீனா என்ற பெண்ணின் வீட்டு வளவில் எடுத்தவை. அவளுடைய புருசன் நஜாத் கிணறு வெட்டுகிறவன். ஊருக்கெல்லாம் வெட்டிவிட்டுக் கடைசியாகத் தன் வளவில் வெட்டினான். ஒவ்வொரு முழத்து மண்ணையும் கலக்காமல் தனித்தனியாகக் குவிப்பது அவன் வழக்கம். கொங்கிறீட் வளையம் இறக்கிய பிறகு, எந்த ஆழத்து மண்ணோ அந்த ஆழத்திலேயே திரும்பப் போட்டு இறுக்க வேண்டுமாம். ஏழாவது முழத்தில் தண்ணீர் கண்டான். வளையம் இறக்குவதற்குள், ஆள் குறைகிறது என்று கூப்பிட்டதால் கல்பிட்டியிலிருந்து ஒரு பலநாள் மீன்பிடிப் படகில் போனான். போன ஐந்து பேரும் வரவில்லை. படகின் ஒரு பலகைகூடக் கரை சேரவில்லை.

மூன்றரை வருடமாக அவள் அந்தக் குவியல்களைத் தறப்பாள் போட்டு மூடி, கல் வைத்து, மழைக்கு மழை சரிபார்த்துக் காத்துவருகிறாள். ஆழம் பிரித்துவைத்த மண் எனக்குத் தோண்டாமலே கிடைத்த புதையல். கெஞ்சிக் கூத்தாடிக் குவியலுக்கு ஒரு பிடி வாங்கினேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் ராத்தா, மூத்த அக்கா. கிணற்றைச் சுற்றி வட்டமாக இருந்தவற்றில், தொழுகைக்குத் திரும்பும் கிப்லாப் பக்கத்து இடைவெளியிலிருந்து தொடங்கிக் கடிகார முள் போகும் பக்கமாக ஒன்று முதல் ஏழுவரை நான்தான் இலக்கம் போட்டேன்.

முடிவு வந்த மறுநாளே கரைத்தீவுக்குப் போய் நின்றேன். அவளுடைய அண்ணன் எதிரே வந்து என்னைத் தாண்டிப் போனார். ஷஃபீனா வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முகம் சரியில்லை.

"வாங்க ராத்தா. காக்கா இப்பதான் போறாரு. காணாமப் போன புருசனுக்காகக் காக்க வேண்டிய நாலு வருஷம் முடியப் போகுதாம். வெள்ளிக்கிழமை காதியாருக்கிட்ட கொண்டுபோற கடுதாசியோட வாராராம். நான் கையெழுத்து வெச்சா கலியாணம் முறிஞ்சிரும். பொறகு புத்தளத்துல ஒரு மாப்பிள்ள ஈக்காராம்."

நான் என் வேலையைப் பேசினேன். "ஷஃபீனா, இந்த மண்ண ஆராவது மாத்திப் போட்டாங்களா?"

"என்ட கண்ணு முன்னால ஆரு தொடுவா?"

"அப்ப ஏன் எல்லாம் தலகீழா வருது? இதுதான் முதல் முழம், இது ரெண்டாவது..." என்று சுற்றிக் காட்டினேன்.

அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்கட ஆக்கள் கிணத்தச் சுத்தி அப்பிடி நடப்பாங்களா ராத்தா? அவரு தவாபு சுத்துற மாதிரித்தான் போவாரு. கிணறு இடக்கைப் பக்கம் ஈக்கணும். ஏழு குவியலுக்கு ஏழு சுத்து. ஹஜ்ஜுக்குப் போற நசீபு இல்லாட்டியும் கால் பழகி ஈக்கட்டும் எண்டு சொல்லுவாரு."

மக்காவில் கஃபாவை இடக்கைப் பக்கம் வைத்து, கடிகார முள்ளுக்கு எதிராகத்தான் ஏழு முறை தவாபு சுற்றுவார்கள். தில்லையடியில் பிறந்து குர்ஆன் ஓதிய எனக்கு அது தோன்றவில்லை. ஆய்வுகூடத்துக்காரர்களை ஏசியதெல்லாம் என் தலையில் வந்து விழுந்தது. எண்களைத் திருப்பிப் போட்டதும் எல்லாம் ஒழுங்காக நின்றது. ஏழு முழத்தில் ஆறாயிரம் வருடம், மேலே மூவாயிரம். கடல் இந்த வளவுக்குமேல் நின்று, மெல்ல மெல்ல விலகிப்போயிருக்கிறது.

அவள் கிணற்றை இடக்கைப் பக்கம் வைத்து முன்னால் நடந்தாள். இந்த மண் வந்த அன்று அவனுக்குக் காய்ச்சல், இது வந்த அன்று சண்டை பிடித்துச் சாப்பிடாமல் இருந்தான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசிக் குவியலின் சாம்பல்நிறச் சேற்று மண்ணைத் தொட்டாள். "இதோட மேல ஏறி வந்து, கை கழுவாமலே என்ட கன்னத்தத் தொட்டாரு."

எனக்கு நாக்கில் சனி. கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். "அவரு இனி வரமாட்டாரு எண்டு உனக்கு வெளங்கல்லயா ஷஃபீனா?"

அவள் கோபிக்கவில்லை.

"வெளங்கும் ராத்தா. படகு வராத ஒரு மாசத்துலயே வெளங்கிட்டு. அவர்ட உம்மாவும் மவுத்து. புள்ள குட்டியும் இல்ல. நானும் கையெழுத்து வெச்சிட்டா, அவரு வருவாரு எண்டு பாத்துட்டு ஈக்க இந்தத் துனியாவுல ஒரு ஆள் இல்லாமப் போயிரும். எனக்கு அவரு வேணும் ராத்தா. வராட்டியும் வேணும். வெள்ளிக்கிழமை காக்கா சும்மாதான் திரும்பிப் போவாரு."

தறப்பாளின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன். இருவரும் சேர்ந்து குவியல்களை மூடினோம். பிறகு நான் புறப்பட்டேன். எனக்கு வேண்டிய கணக்கு எல்லாம் கைக்கு வந்துவிட்டது, சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வழியெல்லாம், பூட்டிக் கிடக்கும் என் வீடுதான் நினைவில் வந்தது. உண்மையைச் சொல்வதானால், கடலில் போய்விட்ட அந்த மனிதன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.