பெட்டி குளிர்வதற்குள்

ஐஸ் பெட்டியின் வயர் ஸ்விட்ச் போர்டு வரைக்கும் எட்டவில்லை. பெட்டியைக் கொண்டுவந்த சாம்சன் பக்கத்து வீட்டிலிருந்து இன்னொரு வயரை இழுத்துவந்து சொருகினான். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்குள் ஜெயராஜ் கால் நீட்டிப் படுத்திருந்தார். சிப்காட்டில் ஓர் இரும்புக் கம்பெனி கேட்டில் வருஷக்கணக்காக செக்யூரிட்டியாக நின்ற மனுஷன். காலையில் நைட் டூட்டி முடித்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றினார். இன்னொன்றைக் கழற்றியது மகள் ஜெபாதான்.

"நல்லா குளுர்றதுக்கு கொஞ்ச நேரம் ஆவும்மா," என்றான் சாம்சன். "எப்ப எடுக்கிறீங்கோ?"

"அண்ணன் பஞ்சாப்லேர்ந்து வரணும். நாளிக்கு சாயங்காலம்னு பாஸ்டராண்ட சொல்லிக்கீது," என்றாள் ஜெபா.

அண்ணன் இம்மானுவேல் பட்டாளத்தில் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. பார்டரில் கெடுபிடி, லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று இந்த ஒரு வருஷமாக ஒரே பாட்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் மட்டும் வரும். ஜெயராஜ் ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அங்க குளுராடா?" என்பார். "செம குளுரு நைனா," என்பான் அவன். மனுஷனுக்கு அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. மார்கழியில் பஜாருக்குப் போய் ஒரு மங்கி குல்லா வாங்கிவந்து, ஜெபாவை நச்சரித்துப் பார்சல் போடவைத்தார்.

இன்று காலையில் ஜெபா போனில் விஷயத்தைச் சொன்னபோது இம்மானுவேல் ஒன்றுமே கேட்கவில்லை. "வரேன்," என்று வைத்துவிட்டான்.

பெட்டி இன்னும் குளிரவில்லை. அதற்குள் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கறுப்பு கோட்டும் டையுமாக இறங்கி ஓடிவந்தவன் இம்மானுவேல். பெட்டியின் மேல் விழுந்து, கண்ணாடியில் நெற்றியை மோதி மோதி அழுதான். கூட்டமே சேர்ந்து அழுதது.

"ஃப்ளைட்டு புடிச்சி வந்துட்டான் பாரு!" என்றார் பெரியப்பா அப்பாவு. "மில்ட்ரில நெனச்சா நிமிசத்துல அனுப்சிடுவாங்கோ." அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

ஜெபாவின் அழுகை நின்றுபோனது. அவன் கேம்ப்பிலிருந்து ஏர்போர்ட்டுக்கு வரவே அரை நாள் ஆகும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்தக் கோட்டும், பாக்கெட்டின் மேல் தைத்த சின்னமும் அவள் பார்த்தே இராதவை. முகம் கழுவ வா என்று பின்பக்கம் கூட்டிப்போனாள்.

"எங்கேர்ந்து வர்றண்ணா?"

சொம்புத் தண்ணீர் முழுவதையும் முகத்தில் அடித்துக்கொண்டான். "பரங்கிமலைலேர்ந்து."

"அங்க இன்னா?"

"ஆபீசர் டிரெய்னிங். பரீட்சை எழுதி செலக்ட் ஆனேன். அடுத்த மாசம் பரேடு. முடிஞ்சா லெப்டினன்ட்."

"எப்பலேர்ந்து கீற?"

"போன சித்திரைலேர்ந்து."

பரங்கிமலை. எலக்ட்ரிக் ட்ரெயினில் ஏறி, பீச் ஸ்டேஷனில் ஒரு தடவை மாறினால் போதும். கூடப்பிறந்தவன் இப்படி ஏமாற்றுவான் என்று யாராவது சொல்லியிருந்தால் அவர்களோடு சண்டைக்குப் போயிருப்பாள்.

"ஏண்ணா சொல்லல?"

"ஞாயித்துக்கெழம ஆனா எல்லாரோட அப்பா அம்மாவும் பாக்க வருவாங்கோ. சொன்னா நைனா மொத வாரமே வந்து நிப்பாரு. கேட்ல கீற ஜவானுக்கு, உள்ள போற காருக்கு, எல்லாத்துக்கும் சல்யூட் அடிப்பாரு. நான் சிப்பாயா இருந்து வந்தவன்னு ஏற்கெனவே அங்க எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல இதுவும்னா..." சொம்பைக் கீழே வைத்தான். "பரேடு அன்னிக்கு கூட்டிக்கினு போலாம்னுதான் இருந்தேன், ஜெபா. நைனாவும் அம்மாவும்தான் தோள்ல ஸ்டார் குத்தணும்னு..."

"அன்னிக்கு மட்டும் அவரு கை சும்மா இருந்திருக்குமா?"

கம்பெனிக்குள் முதலாளி கார் போனாலும், கேன்டீனுக்குக் காய்கறி டெம்போ போனாலும் ஜெயராஜின் கை ஒரே மாதிரிதான் எழும்பும். அந்தச் சம்பளத்தில்தான் இவன் படித்தான்.

"நீ எங்கள பாக்க வந்திருக்கவே வேணாம்ணா," என்றாள் ஜெபா. "எங்களையும் அங்க கூப்ட்டிருக்க வேணாம். எம்புள்ள ஆபீசர் ஆவப்போறான்னு அவருக்குத் தெரிஞ்சிருந்தா போதும். அத்த சொல்லிக்கினே அந்த கேட்ல நின்னுக்கினு இருந்திருப்பாரு."

இம்மானுவேல் டையின் முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அம்மாவாண்ட இப்ப சொல்லாத," என்றான்.

அவள் உள்ளே போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனும் வந்து உட்கார்ந்தான். ஞானம்மா மகனுடைய கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அங்க இன்னும் குளுரு கீதாடா?"

அவன் ஜெபாவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கீதும்மா."

"நைனா அனுப்சாரே குல்லா, அத்த போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேம்மா."

மாசி வெயில் தகரக் கூரை வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. அவன் நெற்றியிலிருந்து வேர்வை கழுத்துவரை வழிந்தது. ஞானம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"குளுர்லேர்ந்து வந்த புள்ள, இந்த வெயிலு தாங்கல பாரு. ஃபேன இவன் பக்கம் திருப்புடி, ஜெபா."

ஜெபா எழுந்தாள். ஃபேனைத் தாண்டிப் போனாள். பெட்டி இப்போதுதான் நன்றாகக் குளிர்ந்திருந்தது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்து நைனாவின் முகமே தெரியவில்லை. துப்பட்டா முனையால் அதைத் துடைக்க ஆரம்பித்தாள்.