காற்றுக்கு மட்டும் வழி

பெட்டி மூலையில் மாட்டிக்கொண்டது. முன்னால் பிடித்திருந்த இரண்டு பேர் கதவுக்கும் உள்சுவருக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நின்றார்கள். பின்னால் பிடித்தவர்கள் இன்னும் வாசற்படிக்கு வெளியே, வெயிலில். சாய்த்துப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி மூடி சுவரில் உரசியதும், அதை வாடகைக்குக் கொண்டுவந்தவன் பதறிப்போய், "அண்ணாத்த, கண்ணாடி போச்சுன்னா எங்க மொதலாளி என்னிய உள்ள படுக்க வெச்சிருவாரு. கீழ எறக்குங்க" என்றான். யாரும் சிரிக்கவில்லை. பெட்டியை வாசலிலேயே இறக்கி வைத்தார்கள்.

ஷீலா சுவரின் உள்பக்கம் நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில் விரித்த பாயில், அவளுடைய நைனா பூவராகவன் கிடந்தார். காலையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்; ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. திரும்பக் கொண்டுவந்தவர்கள் கையில் ஏந்தி மூலை திரும்பி உள்ளே படுக்க வைத்திருந்தார்கள். பொத்தேரி ஹாஸ்டலிலிருந்து செங்கல்பட்டு வந்து, திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்து ஷீலா சதுரங்கப்பட்டினத்தில் இறங்கியபோது, வீட்டுக்குப் பக்கவாட்டுத் தெருவில் பந்தலுக்குக் கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணன் தேவேந்திரன் மஸ்கட்டில் இருந்தான். அவன் வந்து சேர இரண்டு நாள் ஆகும், மே மாத வெயிலில் அதுவரை பெட்டி இல்லாமல் முடியாது.

பெட்டி திரும்ப மறுத்த அந்த மூலை ஷீலா வரைந்தது. வீடே அவள் வரைந்ததுதான்.

கட்டிடக்கலை மூன்றாம் வருடத்தில், கடலோரத்தில் கரண்ட்டை நம்பாமல் குளிர்ச்சியாக இருக்கும் ஒரு வீடு என்று டிசைன் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். மற்ற பிள்ளைகள் இல்லாத மனையில் இல்லாத மனிதர்களுக்கு வரைந்தார்கள். ஷீலாவுக்கு மனையும் இருந்தது, மனிதர்களும் இருந்தார்கள். சுனாமி அடித்துக்கொண்டு போன பழைய வீட்டின் அஸ்திவாரம் இருந்தது. அழுத்திச் செய்த மண்கட்டியில் சுவர், கான்கிரீட்டைக் குறைக்க நடுநடுவே ஓடு பதித்த கூரை. "பொண்ண காலேஜிக்கு அனுப்பி மண்ணு வூடு கட்டிக்கினான் பாரு" என்று தெரு சிரித்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பூவராகவன் கண்டுகொள்ளவில்லை. அடுத்த கோடையில் அதே தெரு அவர் வீட்டுத் தரையில் வந்து மத்தியானத் தூக்கம் போட்டபோதும் அவர் ஒன்றும் சொல்லாமல் பாயை நகர்த்திக் கொடுத்தார்.

படம் வரையும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "ஒங்கம்மா கூடத்துல எங்க குந்தினாலும் கடலு கண்ணுல படக் கூடாது. ஆனா காத்து வரணும்."

சுனாமி வந்த அந்த டிசம்பர் காலையில் ஷீலாவின் அம்மா ரத்னாவின் கடைக்குட்டி, பாப்பா, கரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு ரத்னா கடலைப் பார்த்ததில்லை. மீன் எடுக்கக் கரைக்குப் போவதை விட்டாள். கல்பாக்கத்தில் வீட்டு வேலை தேடிக்கொண்டு பின்வாசல் வழியாகவே போய் வந்தாள். மகாபலிபுரம் பஸ்ஸில் ஏறினால் மேற்கு ஜன்னல் பக்கம்தான் உட்காருவாள், அந்தப் பக்கம் இடம் இல்லாவிட்டால் தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்வாள்.

அதனால் ஷீலா, கடலைப் பார்த்திருந்த வாசலுக்கு நேர் எதிரே, உள்ளே ஒரு சுவரை நிறுத்தினாள். வருகிறவர்கள் இடப்பக்கம் ஒடிந்து திரும்பித்தான் கூடத்துக்குள் நுழைய முடியும். கட்டிகளை இடைவெளி விட்டுச் சாய்வாக அடுக்கியதில் காற்று நுழைந்தது, பார்வை நுழையவில்லை. படத்துக்கு மார்க் போட ஜூரியாக வந்தவர்கள் அந்தச் சுவரைத்தான் பாராட்டினார்கள். மணலைத் தடுக்கிறது, கண் கூசுவதைத் தடுக்கிறது என்று ஷீலா விளக்கினாள். அம்மாவைப் பற்றி அங்கே வாய் திறக்கவில்லை.

கட்டில் திரும்புமா, பீரோ திரும்புமா, தலையில் வலை மூட்டையோடு வருகிறவர் திரும்புவாரா என்று எல்லாவற்றையும் அளந்து பார்த்திருந்தாள். இதை மட்டும் அளக்கவில்லை. அவள் நினைத்துப் பார்த்த மனிதர்கள் எல்லோரும் நடந்து வந்தார்கள், நடந்து போனார்கள்.

"பின்னாடி வழி இன்னா ஆச்சு?" என்று கேட்டான் ராஜாராம். ரத்னாவின் தம்பி, சாவு வேலை முழுக்க அவன் தலையில்தான்.

"சமையல் ரூம் கதவு இத்த வுட சின்னது மாமா."

"அப்ப தெருவுல பந்தல் கீழயே வெச்சிருவோம். வயர் இழுத்தா முடிஞ்சது. தலைக்கு மேல வெள்ளம் போனா ஜாண் இன்னா..."

பாதியில் நிறுத்திக்கொண்டான். அந்தத் தெருவில் மூன்று வருடமாக யாரும் அந்தப் பழமொழியைச் சொல்வதில்லை. வாசலில் நின்றவர்கள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ரோட்டுல போட வேணாம்" என்றாள் ரத்னா.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. புருஷனின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து, ஒரு விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ரோட்டுல இல்லக்கா. பந்தல்ல தான்..."

"ரெண்டும் ஒண்ணுதான். ஒருத்திய ரோட்டுல போட்டு பாத்துட்டேன். போதும்."

பள்ளிக்கூடத்துக்கு முன்னால், ரோட்டில், வரிசையில், யாருடையதோ வேட்டிக்குக் கீழே பாப்பா கிடந்ததை அங்கே நின்றவர்கள் எல்லோருமே பார்த்தவர்கள். ராஜாராம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பின்னாலிருந்து யாரோ, "ஐஸ் பார் வாங்கியாந்து சுத்தி..." என்று ஆரம்பித்தார்கள்.

"அவரு இன்னா வஞ்சிரமா?" என்றாள் ரத்னா. பிறகு தம்பியைப் பார்த்து, "செவுத்த எடுத்துருங்க" என்றாள்.

ஷீலா அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டாள். "வேணாம்மா. செவுரு போச்சுன்னா இங்கேர்ந்து நேரா..."

"நேரா கடலு. எனக்கு தெரியாதா? மணலு வருதாம், கண்ணு கூசுதாம். ஒங்க நைனாவும் நீயும் கத வுட்டீங்க, நான் கேட்டுக்கினேன்." விசிறி நிற்காமல் அசைந்துகொண்டிருந்தது. "எனக்காவ அந்த மனுசனும்தான இந்த செவுத்துக்கு பின்னாடி குந்திகினு இருந்தாரு? கரையில பொறந்த ஆளு. அவர இப்ப வெளிய போட சொல்றியா?"

ஷீலாவுக்குத் தன்மேல் தாங்க முடியாத கோபம் வந்தது. எல்லோரும் போன பிறகு அம்மா இந்தக் கூடத்தில் எப்படி உட்காருவாள், எப்படிச் சாப்பிடுவாள் என்று நினைத்ததும் அந்தக் கோபம் பயமாக மாறியது. இந்த வீட்டில் அம்மாவுக்கென்று அவள் செய்து கொடுத்தது அந்தச் சுவர் ஒன்றுதான். அதையும் இன்றைக்கே பிடுங்க வேண்டியிருந்தது.

தாமோதரன் மேஸ்திரி சாவுக்கு மாலையோடு வந்திருந்தார். அந்தச் சுவரை எழுப்பியவர் அவர்தான். கடப்பாரையை யாரோ கையில் கொடுத்ததும் அதை ஓங்க மனமில்லாமல் ஷீலாவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. படம் ஒன்னுது."

"இடிக்காதீங்க மேஸ்திரி. மேலேர்ந்து ஒண்ணொண்ணா கழட்டுங்க. சிமெண்ட்டு கம்மியாதான போட்டோம், முழுசா வரும். கூர இது மேல நிக்கல, பயப்படாதீங்க."

பிரித்தெடுத்து மறுபடி கட்டலாம் என்று ப்ராஜெக்ட் தாளின் அடியில் அவளே எழுதியிருந்தாள். மார்க் வரும் என்றுதான் அப்போது எழுதினாள்.

மேஸ்திரி முதல் கட்டியை நெம்பி எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கிப் பக்கச் சுவரோரமாக வைத்தாள். பிறகு ராஜாராம் வந்து வரிசையில் நின்றான், இன்னும் சிலர் வந்தார்கள். கட்டிகள் கை மாறி வெளியே போயின. ஒவ்வொரு வரிசை இறங்கும்போதும் கூடத்தில் வெளிச்சம் ஏறியது. முதலில் தெரிந்தது வானம் மட்டும்தான். நீலக் கோடு எட்டிப் பார்த்ததும் ஷீலா வரிசையை விட்டு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். மெலிந்த உடம்பு, அது எவ்வளவை மறைத்துவிடும்?

"கருமாதி முடிஞ்சதும் திரும்ப அடுக்கிடலாம் ரத்னாம்மா" என்றார் மேஸ்திரி. "ஒரு கட்டி கூட ஒடையல."

ரத்னா விசிறியைக் கீழே வைத்தாள்.

பெட்டி நேராக உள்ளே வந்தது. பூவராகவனைத் தூக்கி வைத்து, வேட்டியைச் சரிசெய்து, மூடியை மூடினார்கள். பிளக்கைச் சொருகியதும் பெட்டி உறுமத் தொடங்கியது, கூடவே லேசாக ஆடவும் செய்தது. ஆண்கள் பந்தலுக்குப் போனார்கள். ஷீலா அலமாரியிலிருந்து ஒரு போர்வையை எடுத்து, வாசலை மறைத்துக் கட்டுவதற்காக ஸ்டூலைப் போட்டு ஏறினாள்.

"எறங்கு" என்றாள் ரத்னா.

எழுந்து வந்து போர்வையை அவள் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து, அதையும் மடித்து, பெட்டியின் ஆடுகிற காலுக்கு அடியில் திணித்தாள். ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். ஆட்டம் நின்றது. பிறகு தலைமாட்டிலேயே உட்கார்ந்து, பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தை நிமிர்த்தினாள். பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயின. ஷீலா ஸ்டூலின் மேலேயே நின்றாள், இறங்கத் தோன்றவில்லை.

குப்பத்தில் சாவு விழுந்தால் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. கடலில் ஒரு படகும் இல்லை. எல்லாம் மணலில் ஏறி வரிசையாகக் கிடந்தன. சுனாமிக்குப் பிறகு வந்த ஃபைபர் படகுகள். ரத்னா அவற்றில் ஒன்றையும் பார்த்ததில்லை.

ஒரு படகிலிருந்து அடுத்த படகுக்குக் கண்ணை நகர்த்தியபடி அவள் கேட்டாள். "இதுல ஒங்க நைனாவோட போட்டு எது?"

ஷீலா இறங்கி வந்து, குனிந்து, அம்மாவின் கண்மட்டத்துக்குத் தலையைக் கொண்டுவந்து கையை நீட்டினாள். "அதோ, பச்ச பட்ட அடிச்சி கீதே. கதவு ஓரத்துல, பாதி மறஞ்சிகினு."

ரத்னா பெட்டியை ஒட்டி இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அங்கிருந்து படகு முழுசாகத் தெரிந்தது.