பன்னிரண்டாவது கட்டுரை

ரெக்கார்டு ரூம் மேஜையில் குமாஸ்தா சூசைராஜ் கொண்டுவந்து வைத்த ஃபைலை ராஜம் உடனே திறக்கவில்லை. மூன்று வாரம் அலைந்து வாங்கிய அனுமதி. வேண்டியது ஒரே ஒரு தாள்தான். 1972-இல், செகந்திராபாதின் இந்தக் கல்லூரியில் ராணுவ உயரதிகாரிகளுக்கு நடந்த மேற்படிப்பில், அவள் கணவர் வெங்கடகிருஷ்ணன் கடைசிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி.

அவர் கர்னலாக ஓய்வு பெற்று ஏழு வருஷம். போன தீபாவளியிலிருந்து நினைவு நழுவிக்கொண்டிருந்தது. பேரக்குழந்தைகளின் பெயர் போயிற்று, பிறகு மகளின் பெயரும் போயிற்று. கட்டுரை மட்டும் போகவில்லை. காலையில் எழுந்ததும் பீரோவைக் கலைப்பார். "பேப்பர் குடுக்கணும், இன்னிக்குக் கடைசி நாள்" என்று வியர்த்துப்போவார். "அதெல்லாம் எப்பவோ குடுத்தாச்சு" என்றால் நம்பமாட்டார். முத்திரை குத்திய தாளைக் கண்ணால் பார்த்தாலாவது அடங்குவார் என்று ராஜம் நினைத்தாள்.

"ஃபைல் வெளிய போவாதும்மா. இங்கயே பாருங்க. வேணுங்கறத நான் காப்பி எழுதித் தர்றேன்" என்றார் சூசைராஜ்.

ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினொரு கட்டுரைகள் இருந்தன. பன்னிரண்டாவது இருக்க வேண்டிய இடத்தில், அவர் கைப்பட எழுதிய அரைப்பக்கக் கடிதம். ராஜத்துக்கு ஆங்கிலம் நிதானமாகத்தான் வரும். இரண்டு முறை படித்தாள்.

'ஆபரேஷனுக்குப் பிறகு என் மனைவி அபாய நிலையில் இருக்கிறாள். இதுவரை என்னிடம் எதையும் கேட்டதில்லை. நேற்று, போகாதீர்கள் என்றாள். ஆகவே கடைசிக் கட்டுரையை என்னால் தர இயலாது. படிப்பை முடிக்காதவனாகவே என்னைக் கருதலாம்.'

பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டு நகராமல் இருந்தாரே! கேட்டதற்கு, "கோர்ஸுக்கு லீவு விட்டுட்டா" என்றாரே! பிறகு பிரிகேடியர் பதவி இரண்டு முறை கைநழுவிப் போனபோது, "உங்களுக்கு சாமர்த்தியம் போதாது" என்று அவளே எத்தனை தடவை குத்திக்காட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் லேசாகச் சிரித்துவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொள்வார்.

"கடைசிக் கட்டுரை குடுக்கவே இல்லையா?"

"ஹவ் அம்மா, ஆமா, சார் குடுக்கல" என்றார் சூசைராஜ் மெல்ல. "லெட்டர காப்பி எழுதட்டுமா?"

"வேண்டாம்ப்பா. அவர் சொல்றதுதான் சரி."

மாரெட்பள்ளி வீட்டில் பீரோ காலியாகியிருந்தது. துணைக்கு விட்டுப்போன பக்கத்து வீட்டுத் தங்கம் செய்வதறியாமல் நின்றாள். துணிக்குவியலுக்கு நடுவே கர்னல் உட்கார்ந்திருந்தார். ராஜம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் அமர்ந்தாள்.

"இன்னிக்குத்தான் கடைசி நாள். சொல்லுங்கோ, நான் எழுதிக்கறேன்."

அவர் நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, மழைக்காலத்து மலைச்சாலைகளில் படைகளுக்கு உணவு கொண்டுபோவதைப் பற்றி ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. புரியாத இடங்களில் ராஜம் காதில் விழுந்தபடி எழுதினாள். ஐந்தாம் பக்கத்தில் சட்டென்று நிறுத்தினார்.

"போதும். ஆஸ்பத்திரிக்கு நாழியாச்சு. ராஜம் தனியா இருப்பா. பயந்துப்பா."

பேனா அவள் கையில் அப்படியே நின்றது. "மீதிக் கட்டுரை?"

"அது கிடக்கு."

அவருடைய சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். கடைசிப் பொத்தானுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று, கண் மறைத்தது. நாலு மணி வெயிலில் இருவரும் தெருவில் இறங்கினார்கள். அவர் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எதிரே வந்த ஸ்கூட்டர்களை மற்றொரு கையால் ஒதுங்கச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். முழங்கால் வலியோடு, அவர் வேகத்துக்கு ஈடுகொடுத்து, ராஜம் கிட்டத்தட்ட ஓடினாள்.