மீன் ஏறாத மேசை

காலை மடக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களா. சாப்பிட்டு வந்தவர்களுக்கு ஒரு கதை. சாப்பிடாமல் வந்தவர்களுக்கும் அதே கதைதான், ஆனால் அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பசிக்கும். மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டிலிருந்து காயலைப் பார்த்து இறங்குகிற ஒரு சந்தில், பொன்மணியின் சாப்பாட்டுக் கடைக்குக் கடல் முதன்முதலாகச் சாப்பிட வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டரை மணிக்கு. அன்றைக்குப் பயறுத் தோரன், பூசணிக்காய் எரிசேரி, அயிலைக் குழம்பு.

தண்ணீர் அந்தச் சந்துக்குப் புதிதில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பொங்கிக் காயல் வழியாக உள்ளே ஏறும், வேலியேற்றம் என்பார்கள். ஓடைத் தண்ணீர் கறுப்பாகக் கணுக்கால் வரை வரும், ஜனங்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், சாயங்காலம் வடிந்துவிடும். ஆனால் கொரோனா அடங்கிக் கடைகளெல்லாம் முழுதாகத் திறந்த அந்த வருஷம், அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது வேறு. துறைமுகத்து அட்டவணையில் ஏற்றத்துக்குப் போட்டிருந்த நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னதாக, பாசி நிறத்தில் தெளிந்து, சரியாக மத்தியான ஊண் நேரத்துக்கு வந்தது. படி ஏறியது. கை கழுவுகிற குழாயடியில் சற்று நின்றது. பிறகு மூன்று மேசைகளைத் தாண்டி, ஒருவர் காலையும் நனைக்காமல், ஜன்னலோரத்து நாலாம் மேசைக்குப் போய், பெஞ்சின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குக் குவிந்து உட்கார்ந்துகொண்டது. உச்சியில் ஒரு கொத்து ஆகாயத்தாமரை இருந்தது. ஏன் வந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. பன்னிரண்டரை மணிக்குச் சாப்பாட்டுக் கடைக்கு வருகிறவரை அப்படி விசாரிப்பது வழக்கமில்லை.

மிளகுக் கிடங்கில் மூட்டை தூக்குகிற முகமது இஸ்மாயில்தான் முதலில் வாயைத் திறந்தான். "சேச்சி, புதுக் கஸ்டமர் வந்தாச்சு. அயிலைக் குழம்பு ஊத்தட்டுமான்னு கேளுங்க."

"பேசாமத் தின்னுய்யா," என்றாள் பொன்மணி. "அது புள்ளையளையே அதுக்கு வெளம்பச் சொல்லுதியா?"

நாலாம் மேசையில் மீன் ஏறாது. அது வெங்கிடராமனுக்காக ஒதுக்கிய மேசை. தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம். மனைவி போன பிறகு ஐந்து வருஷமாக மத்தியானச் சாப்பாடு இங்கேதான். அவருக்கென்று தனிக் கரண்டி, தனிச் சாம்பார் வாளி. அவர் தன் டம்ளரை ஒரு சாண் நகர்த்தி வைத்துக்கொண்டு, "நேக்கு ஒரு விரோதமும் இல்லை, உக்காரட்டும்," என்றார். பொன்மணி கடலுக்கு எதிரே இலையைப் போட்டாள். பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய குடிதண்ணீர் மட்டும் வைக்கவில்லை. அது அதிகப்பிரசங்கித்தனமாக இருக்குமோ என்று தோன்றியது.

இந்த இடத்தில் பொன்மணியின் கரண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவள் தென்காசிப் பக்கத்துக்காரி. கடை வைப்பதற்கு முன் பதினோரு வருஷம் எறணாகுளத்தில் கட்டட வேலைக்கு மணல் சுமந்தவள். சுமந்த முதல் வருஷத்தில் ஒரு நாள், வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் சாப்பிட உட்கார்ந்தாள். விளம்புகிறவன் சோற்றோடு இரண்டாம் தடவை வந்தான். அவளுக்கு வலப்பக்கம் இருந்தவரிடம் வேண்டுமா என்று கேட்டான், இடப்பக்கம் இருந்தவரிடமும் கேட்டான். சிமெண்டு படிந்த சேலைக்காரியிடம் கேட்காமல் தாண்டிப் போனான். அரை வயிற்றோடு எழுந்த பொன்மணி, கை கழுவுகிற இடத்திலேயே ஒரு முடிவு எடுத்தாள்: தனக்கென்று ஒரு கடை வரும், அந்தக் கடையில் யாரும் இப்படி எழுந்து போகமாட்டார்கள். கடை வந்தது. 'ஊண் ரெடி' பலகை வந்தது. அவள் கணவன் இசக்கிதுரை அடுப்படியைப் பார்த்துக்கொள்ள, விளம்புவதை அவள் யாரிடமும் விடவில்லை. சாப்பிடுகிறவர் போதும் என்று இலைக்கு மேல் உள்ளங்கையைக் காட்டினால், அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு போய் இன்னொரு கரண்டி போடுவாள். கை விலகாவிட்டால் கையின் மேலேயே போடுவாள். "கூச்சப்படாமச் சாப்பிடுங்க" என்பாள். போதும் என்ற சொல்லை அவள் அந்தக் கடையில் ஒரு நாளும் நம்பியதில்லை. பஜாரில் அவளுக்குப் பெயரே மூணாம் கரண்டிச் சேச்சி என்றாகியிருந்தது.

கடல் மரியாதையாகச் சாப்பிட்டது. எரிசேரியைச் சோற்றோடு சேர்த்தது, பப்படத்தைத் தொட்டதும் அது நமுத்துப்போனதற்குக் கொஞ்சம் வருத்தப்பட்டது போலிருந்தது, இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. இரண்டு கரண்டி ஆனதும் இலைக்கு மேலே ஒரு சின்ன அலை எழுந்து நின்றது. அவசரம் போல என்று பொன்மணி மூன்றாம் கரண்டியைப் போட்டாள். கடல் அதையும் சாப்பிட்டது. மறுபடி அலை எழுந்தது, மறுபடி போட்டாள். ஒன்றே கால் மணிக்குச் சட்டி காலியானபோது, கடல் வந்ததைப் போல இரண்டு பங்கு பெருத்திருந்தது. பெஞ்சை விட்டு இறங்க முடியாமல் இறங்கி, வாசலில் அடங்காமல் சரிந்து, சந்து முழுவதும் வழிந்துவிட்டது. பதினேழு வீடுகளின் பாய்கள் நனைந்தன. இஸ்மாயில் கடைச் சுவரில் தண்ணீர் நின்ற உயரத்துக்குச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினான்.

"பசி அடங்கல அதுக்கு," என்றாள் பொன்மணி. "இன்னும் கூட வைக்கணும்."

அதிலிருந்து அமாவாசை, பௌர்ணமி தவறாமல் கடல் வந்தது. பொன்மணியும் தவறவில்லை. பத்துக் கிலோ அரிசி போட்ட இடத்தில் இருபது போட்டாள், இருபது நாற்பதானது. திருப்பூணித்துறையில் கல்யாண மண்டபம் ஒன்று பாத்திரங்களை விற்றபோது மூன்று அண்டாக்களை வாங்கி வந்தாள். அவள் எவ்வளவு சமைத்தாளோ அவ்வளவுக்குச் சந்தில் தண்ணீர் ஏறியது. சாக்பீஸ் கோடு கணுக்காலிலிருந்து முழங்காலுக்குப் போனது, இரண்டாம் வருஷம் மேசைக்கால் பாதியைத் தொட்டது. சந்து ஜனங்களும் சும்மா இருக்கவில்லை. பசித்த கடல் என்று தெரிந்த பிறகு, வழிந்து வரும் தண்ணீரில் அவரவர் வாசலிலிருந்து ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினார்கள். தண்ணீர் இன்னும் ஏறியது. ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது, சிலர் சுள்ளிக்கலுக்கு, சிலர் அதற்கும் அப்பால். பதினேழு வீடுகள் ஆறாயின. மற்ற நாட்களில் சாப்பிட வருகிறவர்களும் குறைந்தார்கள். பொன்மணி நாலு மேசையையும் காலையில் துடைத்தாள், மாலையில் துடைத்தாள்.

மூன்றாம் வருஷம் மார்கழியில் இசக்கிதுரை அடுப்படியிலிருந்து வெளியே வந்து பேசினான். அவன் அப்படி வந்து பேசுவது அபூர்வம். ஆலுவா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் சித்தப்பா மகனுக்கு ஒரு கடை இருந்தது, இவர்களை வரச் சொல்லியிருந்தான்.

"அங்கயும் பக்கத்துலதான் பெரியாறு," என்றாள் பொன்மணி.

"ஆறு வந்து ஊண் கேக்காதுல்லா."

"கேட்டா என்ன செய்வீரு?"

"ஏட்டி, கடலுக்கு வெளம்பி ஒன்னால மாளுமா? சொல்லு. அதுக்கு வயித்துக்கு அடி எங்க இருக்கு?"

அவள் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு தைப் பௌர்ணமி வரைக்கும் தவணை கேட்டாள். அன்றைக்குக் கடல் வயிறு நிறைந்து போகாவிட்டால், மறுநாளே பலகையைக் கழற்றிக்கொண்டு ஆலுவாவுக்கு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்தாள். பதினோரு வருஷம் தலைச்சுமையால் எழுப்பிய கடை அது. வாக்குக் கொடுத்த கையோடு எழுபது கிலோ அரிசிக்குச் சொல்லி அனுப்பினாள்.

தைப் பௌர்ணமியன்று மூன்று அண்டாவிலும் சோறு ஆவி பறந்தது. சந்து வாயிலில் இசக்கிதுரை பெட்டி ஆட்டோவைக் கொண்டுவந்து நிறுத்தி, பாதிச் சாமானை ஏற்றியும் வைத்திருந்தான். கடையில் சாப்பிட இருந்தவர்கள் இரண்டே பேர், இஸ்மாயிலும் வெங்கிடராமனும். பன்னிரண்டரைக்குக் கடல் படி ஏறியது, குழாயடியில் நின்றது, நாலாம் மேசையில் உட்கார்ந்தது. மூன்று வருஷத்தில் அது களைத்துப்போயிருந்ததைப் போல வெங்கிடராமனுக்குப் பட்டது. உச்சியிலிருந்த ஆகாயத்தாமரை வாடியிருந்தது. பொன்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விளம்பினாள். ஒரு கரண்டி. இரண்டு கரண்டி. இலைக்கு மேலே அலை எழுந்தது. அவள் மூன்றாவதை ஓங்கினாள்.

"பொன்மணி, செத்த நில்லு," என்றார் வெங்கிடராமன். "அது என்ன சொல்றதுன்னு பாத்தயோ?"

"கேக்குது சாமி. இன்னும் வேணுங்குது."

"கேக்கலை. நன்னாப் பாரு." அவர் தன் வலது கையைத் தன் இலைக்கு மேலே, விரல்களைச் சேர்த்து, கவிழ்த்துப் பிடித்தார். பக்கத்து இலைக்கு மேலே அலையும் அதே உயரத்தில், அதே மாதிரி தட்டையாகக் கவிழ்ந்து நின்றது. விரல்கள் இல்லை. மற்றபடி அது ஒரு கைதான். "மதி, போதும்ங்கறது. மூணு வருஷமா அதைத்தான் சொல்லிண்டிருக்கு. இலையில் விழுந்ததை மிச்சம் வெக்கப்படாதுன்னு தின்னுட்டு, வயிறு கொள்ளாம வெளியில போய் வழியறது. நேக்கு எப்படித் தெரியும்னு கேளு. நேக்குச் சர்க்கரை வியாதி. நானும் எட்டு வருஷமாக் கையைக் காட்டிண்டுதான் இருக்கேன்."

இஸ்மாயில் மெல்லுவதை நிறுத்தினான்.

கரண்டி அந்தரத்தில் நின்றது. பொன்மணிக்கு அந்தப் பழைய ஹோட்டல் தெரிந்தது. தன்னைக் கேட்காமல் தாண்டிப்போன அந்த மனிதனின் முதுகு தெரிந்தது. பெரியாறு முதல் இங்கே வந்து விழுகிற ஆறெல்லாம் கடலைக் கேட்காமல் கொட்டுகிறவைதான். தானும் ஓர் ஆறாக நின்று கொட்டியிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்துவிட்டதால் கை இறங்கிவிடவில்லை. இத்தனை வருஷம் பழகிய கை; அது இலையைப் பார்த்தே போனது. தலையில் நாலு சட்டி மணலோடு மூன்றாம் மாடி ஏறியபோதுகூட அவளுக்கு இவ்வளவு பலம் தேவைப்பட்டதில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தாள். பல்லைக் கடித்தாள். கரண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னுக்கு இழுத்தாள்.

"போதுமா?" என்று கேட்டாள். மூன்று வருஷத்தில் முதல் தடவையாகக் கடலிடம் கேட்டாள்.

அலை அசையவில்லை. நம்பவில்லை போலும்.

"சரி. போதும்னா போதும்." சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய் மூடியைப் போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து நின்றாள்.

அதன் பிறகுதான் அலை தணிந்தது. கடல் இலையைத் தன் பக்கமாக மடித்தது. பெஞ்சிலிருந்து, வந்த அதே உருவத்தில், ஒரு சொட்டும் கூடாமல் இறங்கியது. குழாயடியில் நின்றது. படியில் மட்டும் கொஞ்சம் ஈரம் வைத்துவிட்டு, சந்து வழியாகக் காயலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு வீட்டுப் பாயும் நனையவில்லை. இஸ்மாயில் பழக்கத்தில் சாக்பீஸை எடுத்து, கோடு போட இடம் தேடி, தரையையே சற்று நேரம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். சந்து வாயிலில் இசக்கிதுரை பெட்டி ஆட்டோவிலிருந்து சாமானை இறக்கத் தொடங்கினான். மூன்று அண்டாச் சோற்றை அன்று மாலைக்குள் பஜாரே சாப்பிட்டு முடித்தது.

இப்போதும் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வருகிறது. இரண்டு கரண்டி; எரிசேரி இருந்தால் இரண்டரை. சுள்ளிக்கலுக்குப் போனவர்களில் ஒன்பது வீட்டுக்காரர்கள் திரும்பிவிட்டார்கள். மற்றச் சந்துகளில் தண்ணீர் ஏறத்தான் செய்கிறது. அங்கே அது யார் வீட்டில் என்ன சாப்பிட்டுவிட்டு வருகிறதோ, நமக்குத் தெரியாது. வெங்கிடராமனுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது. சிரமப்பட்டவன் இஸ்மாயில் ஒருவன்தான். கடலுக்குக் கட்டுப்பட்ட கரண்டி எல்லோருக்கும் கட்டுப்பட்டாக வேண்டும் என்று பொன்மணி முடிவு செய்துவிட்டதால், அவன் ஒரு வாரம் அரை வயிற்றோடு எழுந்து போனான். எட்டாம் நாள் கத்தினான்: "சேச்சி, நான் சும்மா ஒரு மரியாதைக்குக் கை காட்டுறது! அதுக்காக நிறுத்திடுறதா?"

"வேணும்னா வேணும்னு சொல்லு. வேண்டாம்னா கையக் காட்டு. இந்தக் கடையில இனிமே ரெண்டுக்கும் அர்த்தம் உண்டு," என்றாள் பொன்மணி, சோற்றுச் சட்டியோடு அவன் முன்னால் நின்று.

அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். அவள் போட்டாள். ஜன்னலோரத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அடுத்த அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

எழுந்திருங்கள் கண்ணுகளா, நேரமாகிறது. உங்கள் வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும். வந்து நிற்பது கடலே ஆனாலும் உட்கார உங்கள் வீட்டில் ஒரு பெஞ்சு இருக்கட்டும். வந்தவர் கை காட்டுகிறவரை உங்கள் சட்டி வற்றாதிருக்கட்டும், காட்டிய பிறகு உங்கள் கரண்டிக்கு நிற்கத் தெரியட்டும். வாசற்படியில் ஈரம் பட்டாலும் உங்கள் பாய்கள் எந்நாளும் காய்ந்திருக்கட்டும்.